நான்காம் அறையின் பால்கனி

அம்பாரோ தான் விற்ற விடுதியிலேயே காசு கொடுத்துத் தங்கப் போகிறாள் என்ற செய்தி தெருமுனை காபிக்கடைக்கு எட்டியபோது, அங்கே யாருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"வித்த வீட்டுக்கே வாடகைக்குப் போறவளை இப்பத்தான் பாக்குறேன்," என்றான் கடைக்காரன் கயெத்தானோ. "அப்படியே வித்த கட்டிலுக்கும் தனியா ஏதாவது கேப்பாங்க, பாத்துக்கோ."

"உன் காபிக்கே காசு கொடுக்குறேன். அதைவிடவா இது நஷ்டம்?" என்றாள் அம்பாரோ.

நான் ரெயெஸ். அந்த விடுதியில் படுக்கை விரிப்பதும் தரை துடைப்பதும் என் வேலை. என் கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்தவள், அம்பாரோ முட்டி தேய்ந்து விடுதியை விற்கும்வரை கூடவே இருந்தேன். முதலாளியம்மா என்று கூப்பிட்டால் அவளுக்குக் கோபம் வரும். அதனால் முதல் வாரத்திலிருந்தே எனக்கு அவள் வெறும் அம்பாரோதான்.

செவில் நகரத்தின் நட்டநடுவில், தெரு வளையும் இடத்தில், இரண்டாம் மாடியில் இருந்தது விடுதி. தெருவைப் பார்த்து இரும்புப் பால்கனி வைத்த அறைகள் கொஞ்சம். மற்றவை உள்முற்றத்தைப் பார்த்தவை. உள்முற்றம் என்றால் பூச்செடி வைத்த முற்றம் அல்ல. வெளிச்சத்துக்காகக் கட்டடத்தின் நடுவில் கிணறு மாதிரி விட்ட இடைவெளி. எல்லா வீட்டுச் சமையலறையும் அதில்தான் திறக்கும், எல்லார் துணியும் அதில்தான் காயும். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் மீன் என்று கேட்காமலே தெரியும்.

இப்போது எல்லாரும் கைப்பேசியில் அறை பிடிக்கிறார்கள். அன்றைக்கு அம்பாரோவுக்கு டெலிபோன் செய்துதான் ஆக வேண்டும். செய்தால் விசாரணைதான்.

"எதுக்கு வர்றீங்க, தூங்கவா ஊர் சுத்தவா? குறட்டை விடுவீங்களா? வெக்கப்படாம சொல்லுங்க, பக்கத்து அறைக்காரரை நான்தானே சமாளிக்கணும். பால்கனி வேணுமா? பால்கனி போட்டோவுக்கு நல்லா இருக்கும், தூக்கத்துக்கு ஆகாது. கீழே ராத்திரி பூரா சிரிப்பாங்க. உள்பக்க அறை தர்றேன், விலையும் குறைவு, குழந்தை மாதிரி தூங்குவீங்க. ஆகஸ்ட்லயா? ஆகஸ்ட்ல இங்க நாய்கூட நிழலை விட்டு வராது. மே மாசம் வாங்க."

இப்படி வந்த வருமானத்தை அவளே விரட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் சொன்னபடி வந்தவர்கள் மறுபடியும் வந்தார்கள். வடக்கே பர்கோஸ் ஊரிலிருந்து ஒரு மாட்டு வைத்தியர் இரண்டு இரவு என்று சொல்லி வந்து, குளிர்காலம் முழுக்கத் தங்கிவிட்டார். போகும்போது சமையலறை வாசலில் நின்று அழுதார். சோப்பு வாசனையும் காபி வாசனையுமாக அந்த விடுதியின் நடைவழி என் மூக்கிலேயே தங்கிவிட்டது.

பெரிய வாரத்தில் மட்டும் கதை தலைகீழாகிவிடும். ஈஸ்டருக்கு முந்தி, ஊர் முழுக்கச் சப்பரங்கள் புறப்படும் வாரம் அது. பால்கனி அறைக்கு அடிதடி நடக்கும். அம்பாரோவும் அவள் புருஷன் செர்வாந்தோவும் தங்கள் சொந்த அறையையும் விருந்தாளிக்கு விட்டுவிட்டு, சமையலறையை ஒட்டி மடக்குக் கட்டில் போட்டுப் படுப்பார்கள். காசு கொடுத்தவனுக்குத்தான் பால்கனி. அதில் கால் வைப்பது திருட்டு என்பாள் அம்பாரோ. அவள் போட்ட விதி அவளுக்கே கெடுதலாக முடிந்தது.

ஏனென்றால் செர்வாந்தோ சப்பரம் தூக்குகிறவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கழுத்து. அந்த வாரம் தொடங்கும் குருத்து ஞாயிறு மாலை எங்கள் வட்டாரச் சபையின் மாதா சப்பரம் கிளம்பும்போது அதன் அடியில் முன்வரிசையில் நிற்பார். நாலு பக்கமும் வெல்வெட் திரை தொங்கும். உள்ளே இருப்பவர்களுக்கு முன்னால் இருப்பவரின் முதுகும் தரையும்தான் தெரியும். வெளியே நடப்பதெல்லாம் மேஸ்திரிக்குத்தான் தெரியும். அவர்தான் முன்னால் நடந்து அவர்களுக்குக் கண்ணாக இருப்பவர். அவர் சுத்தியால் தட்டினால் நிறுத்துவார்கள், மறுபடி தட்டினால் தூக்குவார்கள். ஒவ்வொரு தூக்கலையும் யாராவது ஒருவர் பெயரைச் சொல்லி அர்ப்பணிப்பது வழக்கம். செத்தவர், பிறந்தவர், ஆஸ்பத்திரியில் கிடப்பவர், யாராகவும் இருக்கலாம்.

அவர்களுக்குக் கல்யாணமான முதல் வருஷம், எங்கள் பால்கனிக்குக் கீழே வைத்த தூக்கலை மேஸ்திரி அம்பாரோ பெயருக்குச் சொன்னார். அம்பாரோ அப்போது சமையலறையில் இருந்தாள். தெருவெல்லாம் அலைந்து பசியோடு வரும் விருந்தாளிகளுக்கு, பாலில் ஊறிய ரொட்டியைப் பொரித்துத் தேனில் தோய்த்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்ச் சட்டியை விட்டு நகர முடியாது. உள்முற்றம் வழியாக மேளச் சத்தம் மட்டும் கேட்டது.

செர்வாந்தோ கழுத்தெல்லாம் தோல் உரிந்து, முகமெல்லாம் சிரிப்பாக வீட்டுக்கு வந்தார்.

"பாத்தியா?" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து எவளுக்கு இல்லை என்று சொல்ல வாய் வரும்? "பாத்தேன்," என்றாள்.

ஒரு தடவை சொன்ன பொய்யை அடுத்த வருஷமும் சொல்லித்தானே ஆக வேண்டும். நான் ஏதாவது டவல் கொடுக்கிற சாக்கில் நான்காம் அறைக்குள் போய், பால்கனியில் நெருக்கியடித்து நிற்கும் விருந்தாளிகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பேன். ஓடி வந்து சொல்வேன்: "இந்த வருஷம் வெள்ளைக் கார்னேஷன் பூ. மாதாவுக்குப் புது முக்காடு. நம்ம வீட்டுக்குக் கீழே ரொம்ப நேரம் நிறுத்தி வெச்சிருந்தாங்க." அதைத்தான் அவள் செர்வாந்தோவிடம் தான் பார்த்ததாகச் சொல்வாள். அந்த இடத்தில் சப்பரம் எப்போதும் நீண்ட நேரம் நிற்கும். பின்னால் வரும் வாத்தியக்காரர்கள்கூட முணுமுணுப்பார்கள். தெரு வளைகிறது, திருப்புவதற்கு முன்னால் மூச்சு வாங்குகிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

"இந்த வருஷம் எப்படியும் போய்ப் பாத்துரு," என்பேன்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம், பொண்ணே. இப்ப ரொட்டி கருகுது."

அந்த அடுத்த வருஷம் வரவே இல்லை. செர்வாந்தோவுக்கு முதுகு போனது. அவர் தூக்குவதை விட்டார், பிறகு ஒரு குளிர்காலத்தில் நெஞ்சு நின்றுபோனது. அடக்கம் முடிந்து வீடு திரும்பும்போது அம்பாரோ சொன்னது ஒன்றுதான்: "அவன்கிட்ட வாழ்நாள் பூரா ஒரே ஒரு பொய் சொன்னேன், ரெயெஸ். ஒரு தடவையாவது அதை நெசமாக்கியிருக்கலாம்."

அதற்காகத்தான் இப்போது அந்த அறை. விடுதியை வாங்கியவர்கள் அதைப் பளபளவென்று மாற்றிவிட்டார்கள். கதவுக்குச் சாவி கிடையாது, எண்ணைத் தட்ட வேண்டும். இலையுதிர் காலத்திலேயே அம்பாரோ என்னை இழுத்துக்கொண்டு நேரில் போனாள். வரவேற்பில் நெரேயா என்று ஒரு பெண், மரியாதையாகத்தான் பேசினாள்.

"நாலாம் அறை வேணும்," என்றாள் அம்பாரோ.

"இப்ப எண் இல்லை, சென்யோரா. பூ பேரு. அதுக்கு ஆரஞ்சுப்பூன்னு பேரு."

"நாலுன்னா நாலு. பூ வெக்கிறதுக்கு அது என்ன கல்யாணப் பொண்ணா?"

நெரேயா சிரித்தாள். பிறகு கணினியைப் பார்த்து, "பெரிய வாரத்துல அந்த அறை ரொம்ப விலை. உள்பக்கம் ஒண்ணு இருக்கு, அமைதியா இருக்கும், விலையும் குறைவு, குழந்தை மாதிரி தூங்கலாம்," என்றாள்.

அம்பாரோ என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இல்லாவிட்டால் அங்கேயே சிரித்திருப்பேன்.

"மகளே, இதைச் சொல்லிச் சொல்லியே எனக்குப் பல்லு விழுந்துருச்சு," என்றாள் அம்பாரோ. "நான் தூங்க வரலை. பாக்க வர்றேன்."

அதன் பிறகு அவள் திட்டம் போட்ட அழகை என்னவென்று சொல்ல! ஞாயிறு மட்டும் தர மாட்டார்கள், சனியும் சேர்த்துத்தான் என்றார்கள். சரி, ஒரே அறையில் இரண்டு பேர். காலைச் சாப்பாடு வேண்டாம்; அது கயெத்தானோ கடையில், எண்ணெய் விட்டு வாட்டிய ரொட்டி. மெத்தை மேல் உட்கார்ந்து பார்த்தாள். குழாயைத் திறந்து சுடுநீர் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று காத்திருந்தாள். லிஃப்ட் சத்தம் கேட்கிறதா என்று என்னை ஏற்றி இறக்கினாள். கடைசியில், மதியம் வெளியே சாப்பிடுவதா கூடாதா என்று இரண்டு மாதம் யோசித்தாள். சாப்பிடப் போய் இடம் நெரிசலாகித் திரும்ப முடியாமல் போனால்? அதனால் உருளைக்கிழங்கு ஆம்லெட்டை வீட்டிலேயே செய்து டப்பாவில் கொண்டுபோவது என்று முடிவானது. வாழ்நாள் முழுக்க ஊருக்கே தங்குமிடம் யோசித்துக் கொடுத்தவள், தனக்கென்று யோசித்தது அதுதான் முதல் தடவை.

இதையெல்லாம் காபிக்கடையில் சொல்லிக்கொண்டிருந்த ஒருநாள், பக்கத்து மேசையிலிருந்த பாஸ்குவால் தலையைத் தூக்கினான். இப்போதைய மேஸ்திரி அவன். அவன் அப்பாதான் செர்வாந்தோ காலத்து மேஸ்திரி.

"எந்தப் பால்கனி?" என்றான்.

"நாலாவது. வளைவுல இருக்கே."

"தெரியும்," என்றான். காபி ஆறும்வரை கிளாஸைக் கையிலேயே வைத்திருந்தான்.

குருத்து ஞாயிறு அன்று காலை மேகம் போட்டு எங்கள் உயிரை எடுத்தது. மழை வந்தால் சப்பரம் வெளியே வராது. மதியத்துக்கு மேல் வெயில் அடித்தது. குருத்து ஞாயிறன்று புதுசாக ஏதாவது உடுத்த வேண்டும் என்பதால் அம்பாரோ ஒரு நீலச் சட்டை வாங்கியிருந்தாள். விலைச்சீட்டு இன்னும் கழுத்தில் தொங்கியது, நான்தான் கடித்து எடுத்தேன். ஆம்லெட்டைத் தின்றோம். தெரு நிறைய ஆரம்பித்தது. தூபவாசனை வந்தது. அம்பாரோ கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி மாதிரி நின்றாள்.

தூரத்தில் மேளம் கேட்டபோது நான் கழிவறைக்குப் போய் வந்தேன். திரும்பினால் பால்கனியில் ஆள் இல்லை.

நடைவழியில் ஓடினேன். மூன்று கதவு தள்ளி ஒரு அறை திறந்திருந்தது. உள்ளே ஒரு பிரெஞ்சுக் கிழவர் கையைப் பிசைந்தபடி நிற்க, அம்பாரோ நாற்காலி மேல் ஏறி, சிக்கிக்கொண்ட ஜன்னல் ஷட்டரின் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"பாவம், இவருக்குத் திறக்கத் தெரியலை. இது எப்பவும் இப்படித்தான், இடது பக்கம் கொஞ்சம் தூக்கிட்டு இழுக்கணும்."

"அம்பாரோ, கீழே இறங்கு. நீ இப்ப காசு கொடுத்த விருந்தாளி."

"ஒரு நிமிஷம்."

"உன் ஒரு நிமிஷத்துலதான் அந்த மனுஷன் ஆயுசே போச்சு," என்றேன். மேளம் நின்றுபோயிருந்தது. சப்பரம் எங்கள் வீட்டுக்குக் கீழே வந்து நின்றுவிட்டது.

அம்பாரோ பட்டையை விட்டாள். அவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். முட்டி வலியில் அவள் நொண்டியபடி வந்தாள். இந்நேரம் தூக்கியிருப்பார்கள், திரும்பியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். பால்கனிக்கு வந்து பார்த்தால் சப்பரம் அசையவில்லை. மெழுகுவத்திகளும் வெள்ளைப் பூவுமாகக் கீழே நின்றது. பின்னால் வாத்தியக்காரர்கள் பொறுமை இழந்து கால் மாற்றிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு சூட் போட்ட பாஸ்குவால் சுத்தியில் கை வைத்தபடி, அண்ணாந்து எங்கள் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்பாரோவைக் கண்டதும் குனிந்து, வெல்வெட் திரைப் பக்கம் வாயை வைத்துப் பேசினான். தெரு அப்படியே அடங்கியது. அதனால் ஒவ்வொரு வார்த்தையும் மேலே கேட்டது.

"தம்பிகளா, உங்களுக்கு முன்னாடி இந்த முன்வரிசையில செர்வாந்தோன்னு ஒருத்தர் இருந்தாரு. ஒவ்வொரு வருஷமும் இந்த இடத்துல உள்ளேயிருந்து எங்க அப்பாகிட்ட கேப்பாரு, 'வந்துட்டாளா?'ன்னு. 'இன்னும் இல்லை'ம்பாரு அப்பா. 'கொஞ்சம் பொறுங்க, அவ அடுப்பை விட்டு வரணும்'ம்பாரு செர்வாந்தோ. அப்பாவும் பொறுத்துப் பாத்துட்டு, கடைசியில சுத்தியைத் தட்டுவாரு. ஒரு வருஷம்கூட அவங்க வரலை. செர்வாந்தோ, இன்னைக்கு வந்துட்டாங்க. இந்தத் தூக்கல் உனக்கும் அம்பாரோவுக்கும். வானத்துக்குத் தூக்குங்கடா."

சுத்தி தட்டியது. சப்பரம் ஒரே துள்ளலில் எழும்பியது. விதானத்தின் வெள்ளிக் கம்பமெல்லாம் கலகலவென்று ஆடியது. அம்பாரோ கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஷட்டர் தூசி புதுச் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது.

"தெரிஞ்சிருக்கு," என்றாள். "தெரிஞ்சேதான் வருஷா வருஷம் வீட்டுக்கு வந்து பாத்தியான்னு கேட்டிருக்கான், திருடன்."

கண்ணீர் தாடையில் வழிவதைத் துடைக்கவில்லை. வாத்தியம் ஆரம்பித்தது. சப்பரம் மெதுவாக வளைவில் திரும்பியது. வெல்வெட் திரைக்குக் கீழே பாதங்கள் மட்டும் அடிமேல் அடி வைத்துப் போவது தெரிந்தது. அவள் பார்வை மாதா மேல் இல்லை, பூவின் மேல் இல்லை. அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசிப் பாதமும் வளைவில் மறையும்வரை.

"பாத்தேன், செர்வாந்தோ," என்றாள்.