இருபத்து நான்கு வினாடிகள்

எங்கள் பிரசவ ஆஸ்பத்திரியின் பதிவறையில் வேலை பார்த்த அக்காவுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'பதற்றம்'. முதுகுக்குப் பின்னால்தான் அப்படிக் கூப்பிட்டோம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தலைமை நர்ஸ் தினமும் காலையில் நடையில் நின்றுகொண்டு, "என்ன, பதற்றம் வந்தாச்சா?" என்று ஊருக்கே கேட்கும்படி விசாரிப்பார். "வந்தாச்சு, வந்தாச்சு. வீட்டுல கேஸ் அடுப்ப மூடினேனான்னுதான் ஞாபகம் இல்ல" என்று உள்ளேயிருந்து பதில் வரும். இரண்டு பேரும் சிரிப்பார்கள். அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றுவிடும். நிஜமாகவே கேஸை மூடினோமா என்ற யோசனை வந்திருக்கும்.

நான் அந்த ஆஸ்பத்திரியின் வண்டி ஓட்டுநர். எனக்கும் அப்போது நாற்பது தாண்டிவிட்டது. சவாரி இல்லாத நேரமெல்லாம் பதிவறையில்தான் உட்கார்ந்திருப்பேன். அங்கே மட்டும்தான் மின்விசிறி உருப்படியாகச் சுற்றும். அதனால்தான் நடந்ததில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அக்காவே சொன்னார்.

அவர் மேசைக்கு அடியில் ஒரு பழைய கணினி இருந்தது. லினக்ஸில் ஓடுவது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு கம்ப்யூட்டர்காரர் அமைத்துக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்கு ஒரே ஒரு முக்கியமான வேலை. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ரத்தத்தை அட்டையில் சொட்டாக எடுத்து, வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்புவோம். முடிவு மின்னஞ்சலில் வரும். கணினியில் ஒரு சின்ன நிரல் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய், வந்த மின்னஞ்சல்களை எடுத்து வந்து அச்சு இயந்திரத்தில் தள்ளிவிடும். கணினியைப் போட்டால் அந்த நிரல் தானாகவே எழுந்துகொள்ளும். யாரும் எதையும் தொட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருக்கும் குழந்தைகளின் பட்டியல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மொத்தமாக வரும். ஏதாவது ஒரு குழந்தைக்குச் சிக்கல் என்றால் மட்டும் அன்றைக்கே 'அவசரம்' என்று தனியாக ஒன்று வரும். அதனால் வார நடுவில் அச்சு இயந்திரத்தின் தட்டு காலியாக இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

அந்த வெள்ளிக்கிழமை கட்டடத்தில் மின்கம்பி மாற்றினார்கள். கணினியை அணைக்கச் சொன்னார்கள். இணையம் தருகிற பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். நாலு மணி வாக்கில் மின்சாரம் வந்ததும் அக்கா கணினியைப் போட்டார். ஒரு பக்கத்தை அச்சடித்துப் பார்த்தார். வந்தது. பதிவேட்டில் 'எல்லாம் சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அவர் வீட்டுக்காரருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஐந்து மணிக்குள் அவரை அழைத்துப்போய்ச் சேர்க்க வேண்டும். எதையும் பத்து தடவை சரிபார்க்கிற மனுஷி, அன்றைக்கு ஒரு தடவையோடு கிளம்பிவிட்டார். மின்னஞ்சல் ஒன்று வந்து விழுகிறதா என்று காத்திருந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை எட்டேமுக்காலுக்கு நான் போனபோது அக்கா கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமல் அச்சு இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தார்.

"தம்பி, பட்டியலைக் காணோம்."

"லேட்டா வரும் அக்கா. அங்கயும் மனுஷங்கதானே."

"எட்டு வருஷத்துல ஒரு தடவைகூட லேட்டா வந்ததில்ல."

காகிதம் இருந்தது. மை இருந்தது. ஒரு பக்கம் அடித்தார், சட்டென்று வந்தது. பிறகு உட்கார்ந்து கணினியில் கடைசியாக வந்த மின்னஞ்சல் எது என்று பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சனிக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை இல்லை. அவர் கழுத்தோரம் வியர்த்தது எனக்குத் தெரிந்தது. மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டர்காரர் எழுதிக் கொடுத்த ஒரு தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். அதைப் பார்த்து, கறுப்புத் திரையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். என்னென்ன நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று வரிசையாக வந்தது. விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினார். மறுபடி கீழிருந்து மேலே.

"அது இல்ல தம்பி. ஓடவே இல்ல."

"எப்பலேர்ந்து?"

அவர் தாளில் இருந்த அடுத்த வரியைத் தட்டி, நிரலைக் கையால் கிளப்பிவிட்டார். அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அச்சு இயந்திரம் கனைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. தாள்கள் விழ விழ அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். விளம்பரம், சுற்றறிக்கை, திங்கட்கிழமைப் பட்டியல். ஏழாவது தாளை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதன் தலைப்பில் கொட்டை எழுத்தில் 'அவசரம்' என்று இருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு அனுப்பியது. ஆறாம் எண் கட்டிலில் இருந்த பெண்ணின் குழந்தை. பாலில் இருக்கும் சர்க்கரை அதன் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது, தாய்ப்பாலை உடனே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஈரல் கெட்டுவிடும் என்று எழுதியிருந்தது.

தாயும் பிள்ளையும் வெள்ளிக்கிழமை மதியமே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அக்கா ஓடியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். தலைமை நர்ஸ் தாளை வாங்கிப் படித்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "சனிக்கிழமை நான் ரெண்டு தரம் உங்க ரூமுக்கு வந்து பார்த்தேனே. தட்டு காலியா இருந்துச்சு. நல்லதுன்னு போயிட்டேன்" என்றார். ஆய்வகத்துக்காரர்கள் தொலைபேசியிலும் அழைத்திருக்கிறார்கள். கம்பி மாற்றியதில் அந்த இணைப்பும் அறுந்து கிடந்தது, அதுவும் யாருக்கும் தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. "வண்டிய எடுங்க" என்றார் தலைமை நர்ஸ். அக்கா வர வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பின் இருக்கையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார், அந்தத் தாளை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு.

பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த தெருவில், மூன்றாவது மாடி. கதவு பூட்டியிருந்தது. அக்கா பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், இழுத்தால் திறந்துவிடும் என்பதுபோல. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "அவங்க பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றார்.

"குழந்தை எப்படி இருந்துச்சு?" என்று தலைமை நர்ஸ் கேட்டார்.

"இருக்கறதே தெரியலீங்க. ஒரு சத்தம் இல்ல."

படியில் இறங்கும்போது யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் வழி சொன்ன பெரியம்மா வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். அன்றைக்குப் பார்த்து ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு. அக்கா பின்னாலிருந்து மெல்ல ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால், "நாலு மணிக்குப் போட்டேன், ஒரு பக்கம் அடிச்சேன், வந்துச்சு. நாலு மணிக்குப் போட்டேன், ஒரு பக்கம் அடிச்சேன், வந்துச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, வீடு வரைக்கும் வந்து பார்ப்பீங்களா? வாங்க, வாங்க. ரொம்ப சமர்த்து சிஸ்டர். அழறதே இல்ல. பாலுக்குக்கூட நாமதான் எழுப்பணும். நேத்து மட்டும் கொஞ்சம் கக்கினான்."

தலைமை நர்ஸ் சிரித்த முகத்தோடுதான் துணியை விலக்கினார். அந்தச் சிரிப்பு எப்படி உறைந்தது என்பதை நான் வாசலில் நின்றபடி பார்த்தேன். குழந்தையின் வயிறு வரை மஞ்சள். பாதத்தைச் சுண்டினார். ஒரு விரல்கூட அசையவில்லை. இன்னொரு தடவை சுண்டினார். பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

"பால் கொடுத்து எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பத்தான்... என்ன சிஸ்டர்? என்ன ஆச்சு?"

"இனிமே கொடுக்காதம்மா. வண்டில ஏறு. போற வழியில சொல்றேன்."

பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. அங்கே குழந்தையை உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்த டாக்டர், "ஈரல் வீங்கியிருக்கு. ரத்தத்துல கிருமியும் சேர்ந்திருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா எங்க கையில ஒண்ணும் இருந்திருக்காது. இப்பவும் நாலு நாள் போனாத்தான் சொல்ல முடியும்" என்றார்.

திரும்பி வந்ததும் அக்கா சாப்பிடப் போகவில்லை. கம்ப்யூட்டர்காரரைக் கைபேசியில் பிடித்தார்.

"கையால கிளப்பினா ஓடுதுல்ல? அப்புறம் என்னங்க பிரச்சினை?" என்றார் அவர்.

"தானா ஏன் கிளம்பல?"

"ஏதோ ஒரு தடவை தடுமாறியிருக்கும். விடுங்க."

அக்கா விடவில்லை. என் கண்ணெதிரிலேயே நடந்தால்தான் நம்புவேன் என்று கணினியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டார். நிரல் எழவில்லை. இன்னொரு தடவை அணைத்துப் போட்டார். அப்போதும் எழவில்லை. "இப்ப சொல்லுங்க" என்றார்.

பிறகு கம்ப்யூட்டர்காரர் சொல்லச் சொல்ல, கணினி எழும்போது நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிற பதிவை அக்கா திறந்து, வெள்ளிக்கிழமைக்குப் போய் வாசித்தார். நாலு மணி பன்னிரண்டு நிமிடம் ஏழாவது வினாடியில் நிரல் எழுந்திருக்கிறது. அஞ்சல் இருக்கும் இடத்தைத் தேடியிருக்கிறது. கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. இணையத் தொடர்பு கிடைத்தது அதே நிமிடம் முப்பத்தொன்றாவது வினாடியில்.

"இருபத்து நாலு வினாடி" என்றார் அக்கா.

"பழைய பெட்டி உடனே தொடர்பு கொடுத்துடும்" என்றார் அவர். குரலில் முன்பிருந்த அலட்சியம் இல்லை. "புதுசு கொஞ்சம் மெதுவா இருக்கு. நெட்வொர்க்குக்கு அப்புறம் கிளம்புன்னுதான் நான் எழுதியிருக்கேன். ஆனா தொடர்பு நிஜமாவே கிடைச்சுதான்னு பார்க்கச் சொல்லல. தோத்தா திரும்ப முயற்சி பண்ணுன்னும் எழுதல. தப்பு என்னோடதுதான்."

அவர் சொன்னபடி அக்கா மூன்று வரி மாற்றினார். தொடர்பு கிடைக்கும் வரை காத்திரு. விழுந்தால் அரை நிமிடம் கழித்து மறுபடி எழு. அத்தோடு, தினமும் காலை ஏழரைக்கு ஆய்வகத்திலிருந்து 'இன்று ஒன்றும் இல்லை' என்றாவது ஒரு தாள் வர வேண்டும், வரவில்லை என்றால் கூச்சல் போடுவோம் என்று அவர்களிடம் பேசி ஏற்பாடு செய்தார். பிறகு ஐந்து தடவை அணைத்துப் போட்டார். ஐந்து தடவையும் நிரல் எழுந்தது. ஆறாவது தடவை நான்தான் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் எங்கள் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் கூப்பிட்டு விசாரித்தபோது, கம்ப்யூட்டர்காரர் தலையிலோ மின்கம்பிக்காரர் தலையிலோ போட்டுவிடும்படி நாங்கள் எவ்வளவோ சொன்னோம். அக்கா பதிவேட்டைக் கொண்டுபோய் விரித்து வைத்தார். "எல்லாம் சரின்னு எழுதினது நான்தான் சார். மின்னஞ்சல் வருதான்னு பார்க்காம எழுதினேன்." எழுத்தில் ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். தொலைபேசி அறுந்ததைக் கவனிக்காத பொறுப்பாளருக்கும் அதே. வேலை போகவில்லை.

நாலு நாள் போய் ஆறு நாள் ஆனது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் அக்கா என்னோடு வண்டியில் வந்து அந்தக் கதவுக்கு வெளியே நிற்பார். உள்ளே போக மாட்டார். பதினோராவது நாள் குழந்தை கண்ணைத் திறந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது. அதைக் கேட்டுத் தலைமை நர்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். அன்றைக்குத்தான் அக்கா உள்ளே போனார்.

"சனிக்கிழமையே தகவல் வந்துடுச்சும்மா. நான் ஒழுங்கா பார்த்திருந்தா அன்னிக்கே உன் கையில சேர்ந்திருக்கும்."

அந்தப் பெண் பால் சேராத சோயா மாவுக் கரைசலைக் குழந்தைக்குப் புகட்டி முடித்தாள். "எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?" என்றாள். "நான் யாரையும் திட்டாம நிம்மதியா இருந்தேன். இப்ப உங்கள திட்டணும் போல இருக்கு."

"திட்டும்மா."

அவள் திட்டவில்லை. அக்காவை உட்காரச் சொல்லவும் இல்லை. வெளியே வந்து வண்டியில் ஏறியதும் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கண்ணாடியில் பார்க்கவில்லை.

அதற்கு மறுவாரம், கம்ப்யூட்டர்காரர் இதே மாதிரி அமைத்துக் கொடுத்த மற்ற ஆஸ்பத்திரிகள் எவை என்று அக்கா கேட்டு வாங்கினார். ஐந்து இருந்தன. ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்து, "உங்க கணினிய கடைசியா எப்ப அணைச்சுப் போட்டீங்க? அதுக்கப்புறம் மின்னஞ்சல் வந்துச்சா?" என்று கேட்டார். மூன்று இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நாலாவது இடத்தில் இரண்டு வாரமாக ஓடவில்லை; கிளப்பிப் பார்த்ததில் நல்லவேளை அவசரம் எதுவும் இல்லை. ஐந்தாவது இடத்தில் எடுத்த பெண் சிரித்துக்கொண்டே, "பட்டியல் எங்களுக்குத் தபால்ல வந்துடும். மின்னஞ்சல்ல நாலு மாசமா ஒண்ணுமே வரலையே. இங்க பொறக்கிறதெல்லாம் நல்ல ஆரோக்கியமான குழந்தைங்க" என்றாள்.

அக்கா ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அம்மா, போனை வைக்காதே" என்றார். "நான் சொல்றத ஒவ்வொண்ணா தட்டு. நான் லைன்லயே இருக்கேன்."

ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார். அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. நெடுநேரம் ஓடியது. "தலைப்பை மட்டும் படி. அவசரம்னு ஏதாவது இருக்கா பாரு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைவிட்டு எழுந்து, காதை ரிசீவரில் வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார். அறுபத்து மூன்று தாள்களையும் அந்தப் பெண் பார்த்து முடித்து, "அப்படி ஒண்ணும் இல்லக்கா" என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.