மீன் தொட்டிக் குழாயில் பெட்ரோல்

என் பழைய மோட்டார் சைக்கிளுக்கு பெட்ரோல் ஃபில்டர் மாற்ற இன்று ரெங்கம் டவுனில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் பெட்ரோல் குழாயைத் தொட்டதுமே அது படக்கென்று உடைந்து, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டியது.

"அலமாக், ஐயயோ! இது மீன் தொட்டிக் குழாய் லா தம்பி. பெட்ரோல் பட்டா இறுகிப்போயிரும். தீப்பிடிச்சிருந்தா? யாரு மாட்டுனா?"

மாட்டியது என் மனைவியின் தம்பி. உடனே போன் போட்டுக் கத்தினேன்.

"பெட்ரோல் ஓடுறது வெளிய தெரிஞ்சா அழகா இருக்கும்னுதான் மாமா!"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. போன வாரம் எங்கள் வீட்டு கேஸ் அடுப்புக்குக் குழாய் மாற்றியவனும் அவன்தான்.

"டேய், அடுப்புக்கு எதைடா மாட்டுன?"

"அதே மீன் தொட்டிக் கடைக் குழாய்தான் மாமா. கொஞ்சம் பெருசா வாங்குனேன்."

உடனே மனைவிக்குப் போன் போட்டு, வாசலுக்கு ஓடிவிடச் சொன்னேன். இன்று கடைச் சாப்பாடுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி எல்லா வேலையும் தெரிந்த மச்சினன் உண்டா? பதில் அப்புறம் போடுங்கள். முதலில் அடுப்பைப் போய்ப் பாருங்கள்.