துப்பாக்கிக் கடையில் உச்சுக் கொட்டியவர்

ராஸ் அல் கைமாவின் பழைய கடைத்தெருவில் அரிசிக் கடைக்கும் கம்பளிக் கடைக்கும் நடுவே ஒரு துப்பாக்கிக் கடை இருந்தது. ஊரில் சொன்னால் கதை விடுகிறான் என்பார்கள். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் துப்பாக்கி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கும்; இல்லாவிட்டால் பேங்க் வாசலில் ஒரு பெரியவரின் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும். இங்கேயோ பழைய துப்பாக்கிகளைக் கரும்புக் கட்டு மாதிரிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, பிடிக்காவிட்டால் திரும்பச் சாய்த்துவிட்டு அரிசி வாங்கப் போனார்கள். எழுபதுகளின் நடுவில் நான் அந்த ஊரில் ஓர் அரபி வீட்டு டிரைவர். அதற்குமுன் அஜ்மானில் சைட்டில் கல் சுமந்து, பட்டாணியரோடும் மலையாளிகளோடும் பழகி, அரைகுறை இந்தி கற்றிருந்தேன். அரபி நாலைந்து சொல்லுக்கு மேல் வராது.

என் கஃபீல், அதாவது எனக்கு விசா கொடுத்து, பாஸ்போர்ட்டைத் தன் அலமாரியில் வைத்திருந்த முதலாளி, குளிர்காலம் வந்தால் பாலைவனத்துக்கு வேட்டைக்குப் போகிறவர். அந்தக் கடையில் ஒரு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, எடுத்து வர என்னை அனுப்பினார். வெள்ளைத் தாடி வைத்த கடைக்காரர் அதைச் சாக்கில் சுற்றி நீட்டினார். நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆயுத பூஜையன்று அரிவாளுக்கும் சைக்கிளுக்கும் சந்தனப் பொட்டு வைத்து வளர்ந்தவன் வேறென்ன செய்வான்? விசையை இழுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. வீட்டில் கஃபீல் தோட்டா போட்டு இழுத்தார். டிக் என்றது. மறுபடி இழுத்தார். மறுபடியும் டிக்.

“பந்தூக் டீக் கரோ, பிர் லீவ்,” என்றார் என்னிடம். துப்பாக்கியைச் சரிசெய்து கொண்டு வா, அப்புறம் லீவு.

அந்த லீவில்தான் என் உயிர் இருந்தது. தங்கை செல்வியின் மகளுக்குக் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்துவிட்டார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். செல்விக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். குழந்தையின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. என் மடி மட்டும் அதற்கென்று ஊரில் பேசி வைக்கப்பட்டிருந்தது. கஃபீல் வேட்டைக்குப் புறப்படும்முன் துப்பாக்கி சரியானால் நான் விமானம் ஏறலாம். இல்லையென்றால் நானும் வண்டியோட்டப் போக வேண்டும், லீவு வேட்டை முடிந்துதான்.

சாக்கோடு கடைக்குப் போனேன். இது சுடவில்லை, சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் வேறு கொடுங்கள் என்று கைச்சாடையில் சொன்னேன். பெரியவர் தலையைச் சற்று மேலே தூக்கி, நாக்கால் ‘ச்சு’ என்றார். எனக்கு மனசெல்லாம் குளிர்ந்துவிட்டது. நம் ஊரில் உச்சுக் கொட்ட ஆளுக்கா பஞ்சம்? பஸ்ஸைத் தவறவிட்டால் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவர் கொட்டுவார். கால் இடறினால் எதிர்வீட்டு அம்மாள் கொட்டுவாள். சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும். கடல் தாண்டி வந்தபின் எனக்காக ஒரு நாக்கும் அசைந்ததில்லை. இந்த மனிதர் அசைத்தார். நான் உருகிப்போய்ச் செல்வியின் கதை முழுவதையும் இந்தியும் சாடையுமாகச் சொன்னேன். மடியைத் தட்டிக் காட்டினேன், காதைத் தொட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ‘ச்சு’ என்றார். ஒரு சின்னக் கோப்பையில் காப்பியும் ஊற்றிக் கொடுத்தார். இவ்வளவு இரக்கம் உள்ளவர் எப்படியும் மாற்றித் தருவார் என்று நம்பி, கும்பிட்டுவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். உண்மையைச் சொன்னால், துப்பாக்கிக்காகப் பாதி, அந்த உச்சுக்காகப் பாதி.

நாள் நெருங்க நெருங்கப் பதறிப்போய், கஃபீல் வீட்டில் சமையல் செய்த சுடலைமுத்து அண்ணாச்சியிடம் சொன்னேன். நெல்லைக்காரர், பல வருஷமாக வளைகுடாவில் இருக்கிறவர். கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

“கிறுக்குப் பயலே, அவன் ஒனக்காவ எங்கடே இரங்குனான்? தலையத் தூக்கி ச்சுன்னா இங்க ‘கெடையாது’ன்னு அர்த்தம். நீ கேக்கக் கேக்க முடியாது முடியாதுன்னுல்லா சொல்லிருக்கான்!”

“பிள்ளைக்குக் காது குத்தணும்னு சொன்னேனே அண்ணே, அதுக்கும் ச்சுன்னாரே?”

“அதுக்கும் கெடையாதுதாம்டே.”

‘மாஃபி’, இல்லை என்று வாயால் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அந்த ஒரு சொல்லை எனக்காக அவர் செலவழிக்கவில்லை. அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போனபோது, முதல் நாளே மறுத்துவிட்டேனே, இந்த ஆள் ஏன் தினமும் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறான் என்று கடைக்காரரும் ஆச்சரியப்பட்டாராம். பழைய சரக்கு விற்றால் விற்றதுதான், கலாஸ், அதோடு முடிந்தது என்றார். அன்று மாலை கஃபீலே கடைக்குப் போனார். ஒரு கோப்பைக் காப்பி குடித்து முடிப்பதற்குள் வேறு துப்பாக்கி வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் விடிந்தால் வேட்டைப் பயணம்; இனி வேறு டிரைவர் தேட நேரமில்லை, லீவு வேட்டை முடிந்துதான் என்றுவிட்டார் கஃபீல். வர முடியவில்லை, நாளைத் தள்ளிப்போடுங்கள் என்று ஊருக்குத் தந்தி கொடுத்தேன். நல்ல நாளைத் தள்ளிப்போட முடியாது, சித்தப்பா மகன் குமாரை உட்கார வைக்கிறோம் என்று பதில் வந்திருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். நான் இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு அவன்தான் என்பதால், பதிலைப் பார்க்காமலே அதை நான் அறிந்திருந்தேன்.

காது குத்தும் நாளன்று காலையில் நாங்கள் மணலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத இடத்தில் இருந்தோம். கஃபீல் வேட்டைப் பருந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, துப்பாக்கியை என்னிடம் தந்துவிட்டு, கூட்டாளிகளோடு மேடேறினார். கீழே வைத்தால் குழலுக்குள் மணல் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வண்டி நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதை மடியில் குறுக்காகக் கிடத்திக்கொண்டேன். இந்நேரம் மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருப்பார்கள். குமார் பட்டு வேட்டி கட்டியிருப்பான். ஆசாரி ஊசியை எடுத்திருப்பார். செல்வி பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூட்டத்தில் என்னைத் தேடியிருப்பாள். மேட்டுக்கு அந்தப்பக்கம் யாரோ சுட்ட சத்தம் கேட்டது. மடியில் கிடந்ததை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“ஒண்ணுமில்லடா தங்கம், முடிஞ்சிருச்சு,” என்றேன்.