குப்பம்மாவின் எடை அட்டை

மலைமேல் இருக்கும் நாவல்மேட்டுக்குப் பால்வாடி டீச்சராக வந்து சம்பூர்ணத்துக்கு இரண்டு வருஷம் முடிந்திருந்தது. கலசப்பாக்கம் பக்கத்தில் நெல் பயிரிடும் வீட்டுப் பெண். அந்த வீட்டில் பத்தாவது தேறிய முதல் ஆள் அவள்தான். திங்கட்கிழமை காலை மலை பஸ்ஸில் ஏறினால் சனிக்கிழமை மதியம்தான் இறங்குவாள். சர்க்கார் அவளிடம் ஒப்படைத்திருந்தது ஒரு கொக்கித் தராசு, நாற்பத்திரண்டு எடை அட்டைகள், சத்துமாவு டின்கள் இரண்டு.

மாதத்தின் முதல் வாரம் பலாமரக் கிளையில் தராசைத் தொங்கவிடுவாள். துணித் தூளியில் பிள்ளையை உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டினால், அது வீறிட்டுக் காலை உதைக்கும். முள் நிற்காமல் ஆடும்.

"பன்னிக்குட்டிய தூக்கற மாரியே தூக்கற டீச்சர்!" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

எடையை அட்டையில் ஒரு புள்ளியாக வைத்து, போன மாதப் புள்ளியோடு கோட்டால் சேர்க்க வேண்டும். கோடு ஏறினால் பிள்ளை வளர்கிறது. இறங்கினால் அந்தப் பிள்ளைக்குத் தினம் இரண்டு மாவுருண்டை கூடுதல். ரொம்ப இறங்கினால் அட்டையோடு மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நாற்பத்தொரு அட்டைகளுக்கு இதில் சிக்கல் இல்லை. நாற்பத்திரண்டாவது அட்டை பாஞ்சாலையின் மகள் குப்பம்மாவுடையது.

பாஞ்சாலைக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் நடக்கிற வயசுக்கு முன்பே போய்விட்டன. மூன்றாவது பிறந்ததும், இதுவாவது தங்கட்டுமென்று குப்பையில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து, குப்பம்மா என்று பேர் வைத்தார்கள். மூன்று வயசு முடிந்ததும் பிள்ளையின் எடைக்கு எடை புளி தருவதாக மலைச் சாமிக்கு நேர்ந்துகொண்டான் அவள் புருஷன் சடையன். அதுவரை அந்தப் பிள்ளை தராசில் ஏறக் கூடாது.

"ஒரே ஒரு தரம், பாஞ்சாலை. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

"நீ சொல்ல மாட்ட டீச்சர். சாமி பாத்துக்கினு இருக்குமே, அதுக்கு இன்னா பண்றது?"

"நான் இன்னா புளியா வாங்கிக்கப் போறேன்? அட்டையில எழுதத்தான கேக்கறேன்."

"எடைய இப்பவே பாத்துட்டா, எவ்ளோ புளி ஆவும்னு கணக்குப் பாத்துக்கினு நேந்தவங்கன்னு சாமி நெனைக்கும். வேணாம் டீச்சர்."

மாதா மாதம் இதே பேச்சு. மேற்பார்வைக்கு வரும் வெள்ளையம்மாளிடம் இதைச் சொன்னபோது, அவர் அட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கட்டம் காலியா இருந்தா நீ வேலை செய்யலன்னு அர்த்தம். சாமி கதையெல்லாம் மேல எழுதி அனுப்ப முடியாது, சம்பூர்ணம்."

அன்று சாயங்காலம் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த குப்பம்மாவைக் கண்ணாலேயே நிறுத்து, ஏழு கிலோ அறுநூறு என்று எழுதினாள். அது ஆனி மாதம். ஆடிக்கு நூறு கிராம் மட்டும் ஏற்றினாள். அப்போதுதான் நிஜம் போல இருக்கும். அதன்பிறகு மாதம் இருநூறு. தை மாதம் எட்டுத் தொள்ளாயிரத்துக்கு வந்து நின்றது. அந்த மாதக் கூட்டத்தில் வெள்ளையம்மாள் அந்த அட்டையைத்தான் மற்ற டீச்சர்களுக்குத் தூக்கிக் காட்டினார். "கோடுன்னா இப்படிப் போவணும்."

சம்பூர்ணம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மார்கழியில் குப்பம்மாவுக்கு அம்மை வார்த்திருந்தது. அம்மை இறங்கிய பிறகும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. மாசி பிறந்த வாரம் பாஞ்சாலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்வாடி வாசலில் வந்து நின்றாள். சட்டையைத் தூக்கிப் பிள்ளையின் அரைஞாண் கயிற்றைக் காட்டினாள்.

"பொறந்ததுலேர்ந்து இத தளத்தித் தளத்தித்தான் கட்டிக்கினு வந்தேன் டீச்சர். அம்மை வாத்ததுக்கு அப்பறம் நழுவித் தொடைக்கு வந்துடுது. உள்ள தள்ளித் தள்ளிக் கட்றேன். எண்ணிப் பாரு."

கயிற்றின் வாலில் பழைய முடிச்சுகள் தெரிந்தன. நான்கு தரம் இறுக்கியிருக்கிறாள்.

"மங்கம்மா பையனுக்கு ரெண்டு உருண்டை சேத்துக் குடுக்கறியே, எம் புள்ளைக்கும் குடேன்."

சம்பூர்ணம் இரண்டு உருண்டையைக் கையில் கொடுத்துவிட்டாள். ஆனால் உருண்டையோடு தீருகிற விஷயமில்லை இது; கீழே அனுப்பியாக வேண்டும். அட்டையை எடுத்துப் பார்த்தாள். கோடு அழகாக ஏறிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் முதலில் அட்டையைத்தான் பார்ப்பார்கள். இதைப் பார்த்தால் வளருகிற பிள்ளைதானே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோபம் கோபமாக வந்தது. இந்தப் பாஞ்சாலை ஒரு தரம் சம்மதித்திருந்தால் என்ன? சாமிக்குத்தான் இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? வெள்ளையம்மாள் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கக் கூடாதா? எல்லோரையும் வைதுமுடித்த பிறகும், எழுதிய கை தன்னுடையதாகவே இருந்தது. படிக்கத் தெரியாத பாஞ்சாலையின் கயிறு உண்மையைச் சொல்கிறது. தான் படித்த படிப்புக்கு என்ன பேர்?

மறுநாள் அவளுக்கு ஒன்று தோன்றியது. புளிக்காலமென்பதால் செங்கத்துப் புளி வியாபாரி தேவராஜ், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசை ரோட்டோரம் இறக்கி வைத்திருந்தார்.

"பாஞ்சாலை, புள்ளைய நிறுக்க வேணாம். உன்ன நிறுக்கறேன். இடுப்புல புள்ளையோட ஒரு தரம் நில்லு, புள்ள இல்லாம ஒரு தரம் நில்லு."

பாஞ்சாலை பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "என்ன நீ நிறுத்துக்கோ. எனக்கு ஒண்ணும் நேந்துக்கல. இவ எங்கூட இருக்கறா, அவ்ளோதான்."

தேவராஜ் சிரித்தார். "இன்னா டீச்சர், இது கொட்ட எடுத்ததா, எடுக்காததா? வெல இன்னா போடறது?"

"நீங்க சும்மா முள்ளப் பாருங்க."

பிள்ளையோடு நாற்பத்தைந்து கிலோ இருநூறு. இல்லாமல் முப்பத்தெட்டு எழுநூறு. சம்பூர்ணம் விரல்விட்டுக் கழித்தாள். நம்பாமல் மறுபடி கழித்தாள். ஆறரை கிலோ. ஒன்றே முக்கால் வயசுப் பிள்ளை.

அந்த வெள்ளிக்கிழமை வெள்ளையம்மாள் வந்தார். சம்பூர்ணம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பைத்தியமா உனக்கு? ஒரே மாசத்துல ரெண்டரைக் கிலோ எறங்குனா என்னத்தான் கேப்பாங்க. மாசம் அரைக் கிலோவா எறக்கு. நாலஞ்சு மாசத்துல சரியா வந்துடும்."

"அதுவரைக்கும் புள்ள இருக்கணுமே, மேடம்."

"அப்ப அம்மை வாத்ததுன்னு எழுதி ஒரு கிலோ எறக்கு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். கூட்டத்துல அந்த அட்டைய நான் தூக்கிக் காட்டியிருக்கேன், தெரியுமில்ல?"

சம்பூர்ணம் சிவப்பு மைப் பேனாவை எடுத்தாள். ஆனியிலிருந்து தை வரை எட்டுப் புள்ளிகளையும் அடித்தாள். ஒவ்வொன்றின் கீழும் 'எடை போடவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாசிக் கட்டத்தில் ஆறரைக்கு நேராக ஒரு புள்ளி வைத்தாள். கோடு போட இன்னொரு புள்ளி இல்லை. வெள்ளையம்மாள் பையை எடுத்துக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை சம்பூர்ணமே பாஞ்சாலையையும் பிள்ளையையும் பஸ்ஸில் ஏற்றிக் கீழே கூட்டிப்போனாள். டாக்டர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் இப்படிக் கிறுக்கினது?" என்றார். "நான்தாங்க," என்றாள். மேற்கொண்டு கேட்காமல் பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஐந்து நாள் படுக்கையில் வைத்துக்கொண்டார். அனுப்பும்போது, பிள்ளைக்கென்று தனியாகக் கஞ்சி காய்ச்சி வேளைக்கு ஒரு கிண்ணம் கொடுக்கச் சொன்னார்.

பங்குனி முதல் வாரம் சம்பூர்ணத்துக்கு மெமோ வந்தது. பொய்யான எடைகளைப் பதிவு செய்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். என்ன எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதை மடித்துச் சத்துமாவு டின்னுக்கு அடியில் வைத்துவிட்டு, மேடைத் தராசுக்குப் போனாள்.

பாஞ்சாலை பிள்ளையோடு ஏறி நின்றாள். நாற்பத்தைந்து கிலோ இருநூறு. போன மாதமும் இதேதான். இவ்வளவுக்கும் பிறகு ஒரு கிராம்கூட ஏறவில்லையா?

"புள்ளைய இறக்கிட்டு நில்லு," என்றாள்.

தேவராஜ் தராசுத் தண்டில் எடைக் கட்டையை நகர்த்தி நிறுத்தினார். "முப்பத்தெட்டு நூறு."

ஏழு கிலோ நூறு. பிள்ளை அறுநூறு கிராம் ஏறியிருந்தது. சம்பூர்ணம் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் முப்பத்தெட்டு நூறு என்பது உறைத்தது. பாஞ்சாலையை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்தெலும்பு எடுப்பாகத் தெரிந்தது.

"நீ சரியா சாப்புடறதில்லையா?"

"வூட்ல இருக்கற கேவுரு எத்தினி பேருக்கு வரும்? இவளுக்குத் தனியா கஞ்சி காச்சுன்னு அந்த டாக்டர் சொன்னாரே. பொழுதுக்கும் புளி அடிச்சிட்டு வந்து காச்சித் தரேன்." பாஞ்சாலை தராசைவிட்டு இறங்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "அத்த வுடு. இப்ப இன்னா சொல்லுது அட்ட, நல்லதா கெட்டதா?"

சம்பூர்ணம் மாசிப் புள்ளியையும் பங்குனிப் புள்ளியையும் கோட்டால் சேர்த்தாள். கோடு ஏறியது. கைப்பழக்கத்தில் பாஞ்சாலையின் எடையை எழுத இடம் தேடினாள். அட்டையில் தாய்க்கென்று கட்டம் இல்லை. அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் மருந்துக் குறிப்புக்கு விட்டிருந்த இடத்தில், 38.7 என்றும் அதன் கீழே 38.1 என்றும் சிவப்பு மையில் எழுதினாள். இதற்கும் ஒரு மெமோ வரட்டும் என்று நினைத்தாள்.

"அட்டைய அப்பறம் பாக்கலாம்," என்றாள். "பால்வாடிக்கு வா. உனக்கும் ரெண்டு உருண்டை பிடிக்கறேன்."