வளைவில் விழுந்தவனுக்கு வந்த குரல்

ஆனந்த வருஷம் வைகாசி விசாகத்துக்கு முந்தின நாள். ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, கால்வாய்த் தண்ணீரில் மார்பளவு மூழ்கிக் கிடந்தேன். இடது காலின்மேல் மோட்டார் சைக்கிள். கார் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்த சமயம். ஏறிக்கொண்டே வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை போயிற்று. அடியார்களே, அந்தத் தனிமை பகையாளிக்கும் வேண்டாம்.

தனிமை எனக்குப் புதிதுமல்ல. அப்பாவும் அம்மாவும் ஒரே காலராவில் போனபின் பாளையங்கோட்டையில் ஒற்றை அறை, கிளப்புக்கடைச் சாப்பாடு, பௌதிகப் புத்தகம். விசாகத்துக்கு ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செந்தூருக்கு நடந்தார்கள். வாறியா என்று என்னை யாரும் கேட்கவில்லை. எனக்குப் பௌதிகம் சொல்லிக்கொடுத்த துரை சீமைக்குப் போகும்போது என் பொறுப்பில் விட்டிருந்த வண்டியில் கிளம்பினேன். கூட்டத்தைப் பார்க்க மனம் கூசி, கால்வாய்க் கரைப் பாதையில் திரும்பினேன்.

வளைவு என்றால் எனக்கு உயிர். நேராக நிமிர்ந்தபடி வேகமாய்த் திரும்பினால் வண்டி வெளிப்பக்கம் கவிழும். அதனால் உட்பக்கம் சாய்க்க வேண்டும். எடை கீழே அழுத்தும், பாதை மேலே தாங்கும். ஆனால் சக்கரத்தை வளைவோடு இழுத்துப் பிடிப்பது உராய்வு ஒன்றுதான். வேகம் இரட்டித்தால் அந்தப் பிடி நாலு மடங்கு வேண்டும். இதையெல்லாம் மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டே மடைத் திருப்பத்தில் சாய்த்தேன்.

பாதையில் உளுந்தங்கொடி பரப்பியிருந்தது. போகிற வண்டிகள் மிதித்துப் பயறு உதிரட்டும் என்று எங்கள் பக்கம் போடுவார்கள். சிறு வயதிலிருந்து பார்த்ததுதான். அன்று என் கணக்கில் வரவில்லை. கொடிக்கடியில் உளுந்து உருண்டது. உராய்வு போயிற்று. சாய்ந்த வண்டி சறுக்கிக் கால்வாய்க்குள் என்னையும் இழுத்துக்கொண்டு போயிற்று.

தண்ணீர் தாடையைத் தொட்டது. நான் செத்தால் தேட ஆளில்லை என்பதுதான் சாவைவிட வலித்தது. "முருகா, என் காலை மீட்டுத் தரக் கேட்கவில்லை. கடைசியாக ஒரு மனுஷக் குரல் கேட்க வை" என்று அழுதேன்.

கேட்டது.

"எந்தக் கட்டையில போவான்லே எங்க உளுந்துல வண்டிய விட்டது?"

கொடியைப் புரட்டிப்போட வந்த பேச்சி அக்காள். கரையிலிருந்து எட்டிப் பார்த்தவள் வசவை நிறுத்திப் புருஷனைக் கூவினாள். "ஏ, இங்கன ஓடியாரும், தண்ணிக்குள்ள ஒரு புள்ள கெடக்கு."

அந்த ஊரில் உளுந்துக் காவலுக்காக விசாகத்துக்குப் போகாமல் தங்கியவர்கள் அந்த இருவர் மட்டுமே. அவள் புருஷன் சுடலை அண்ணன் பனங்கட்டையைக் கொடுத்து நெம்ப, அக்காள் என் தலையைத் தண்ணீருக்கு மேலே மடியில் தாங்கிப் பிடித்திருந்தாள். கால் வெளியே வந்ததும் அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டே, "ஏம்வே, இவ்வளவு கனத்த சாமானத்துல ஒத்தையிலயா வருவாக? தூக்கிவிடவாவது ஒரு ஆளக் கூட்டிட்டு வரப்படாதா?" என்றார். எனக்கு ஆள் இல்லை என்றேன். அக்காள், "இப்பம் ரெண்டு பேரு இருக்கோம்லா" என்றாள்.

முறிந்த எலும்பு கூடும்வரை அவர்கள் வீட்டில்தான் கிடந்தேன். கஞ்சி, வசவு, பேச்சு எல்லாம் உண்டு. நான் கேட்டது ஒரு குரல். முருகன் ஒரு வீட்டையே கொடுத்தான்.

தனியாக இருக்கிறவர்களே, கூச்சப்படாமல் அவனிடம் கேளுங்கள். வருகிற குரல் வசவாக இருந்தாலும் பதில் சொல்லுங்கள். மறுவருஷ விசாகத்துக்கு நான் செந்தூருக்கு நடந்தே போனேன். கால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். முன்னால் போன அக்காள் திரும்பித் திரும்பி, "வாறியாலே?" என்று கேட்டுக்கொண்டே நடந்தாள்.