ஒன்றையொன்று வெட்டிய இரண்டு வோட்டுகள்

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு யாராவது வழி கேட்டால், "சிவப்பு யன்னலும் பச்சை யன்னலும் இருக்கிற வீட்டுக்கு அடுத்த வீடு" என்று சொல்லிவிடுவோம். எலக்ஷன் காலத்தில் அப்படிச் சொன்னால் போதும். அந்த வீட்டின் ஒரு யன்னலில் சிவப்புத் துணி தொங்கும், மற்றதில் பச்சைத் துணி தொங்கும். இரண்டும் ஒரே வீடுதான், உள்ளே இருந்ததும் ஒரே குடும்பம்தான். சிவப்புத் துணி கொன்ஸ்ரன்ஸ் மிஸியுடையது. பச்சைத் துணி அவருடைய கணவர் கிளெமென்ற் கிளாக்கருடையது.

மிஸி நகரசபையில் மருத்துவிச்சி. பிரசவம் பார்ப்பார், வைசூரி வராமலிருக்கப் பிள்ளைகளுக்கு அம்மைப்பால் குத்துவார். எங்கள் ஒழுங்கையில் பிறந்த பிள்ளைகளில் முக்கால்வாசி அவர் கையில்தான் முதல் தடவை அழுதன. என்னுடைய இரண்டு பெண்களும் அப்படித்தான். கிளாக்கர் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவர். இருவரும் யாழ்ப்பாணத்துக் குருநகர் ஆட்கள், வேதக்காரர். பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்க அவர்களுக்கு நிறைய நேரம் இருந்தது.

எனக்கு எலக்ஷன் என்றாலே பற்றிக்கொண்டு வரும். இன்று வரைக்கும் அப்படித்தான். ஆனால் அந்த இரண்டு பேரும் அதற்காகவே பிறந்த மாதிரி இருந்தார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு முதல் தடவையாகப் பெண்களுக்கும் வோட்டு வந்தது. அந்தக் காலத்தில் எங்களைப் போல எழுத்தறிவு குறைந்தவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறம் கொடுத்து, அந்த நிறத்தில் தனித்தனிப் பெட்டி வைப்பார்கள். விரும்பிய நிறத்துப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். மிஸி ஒரு பெட்டியில் போட்டார், கிளாக்கர் மற்றப் பெட்டியில் போட்டார்.

"உன்ர வோட்டை என்ர வோட்டு வெட்டிப்போட்டுது. ரெண்டு பேரும் வீட்டில நிண்டிருந்தாலும் கணக்கு ஒண்டுதான்" என்றார் கிளாக்கர்.

"அப்ப அடுத்த முறை நீங்கள் நில்லுங்கோ. நான் போட்டுட்டு வாறன்" என்றார் மிஸி.

அடுத்த முறை முப்பத்தாறாம் ஆண்டு மாசியில் வந்தது. பச்சைப் பெட்டிக்காரர் ஒரு வழக்கறிஞர், கோட்டும் சூட்டும் போட்டவர். சிவப்புப் பெட்டிக்காரர் தொழிலாளிகளின் ஆள், ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து வந்து சாக்கடைக் கானை எட்டிப் பார்த்தவர். மதிலுக்கு இந்தப் பக்கம் நான் கறி சமைத்துக்கொண்டே அவர்களுடைய விவாதம் முழுவதையும் கேட்பேன். ஒற்றைக்கல் மதில், மூச்சு விட்டாலும் கேட்கும்.

"அரசாங்க சபையில எழும்பி நிண்டு வெள்ளைக்காரனோட இங்கிலிசில கதைக்க ஒரு படிச்ச மனிசன் வேணும், கொன்ஸி. உன்ர ஆள் அங்க போய் என்னத்தைச் செய்யிறது?"

"எங்களுக்கு வீட்டுக்கு வீடு தண்ணிப் பைப் வேணும். இங்கிலிசைக் குடிச்சால் தாகம் தீருமோ?"

"மரியாதை எண்டு ஒண்டு இருக்கு."

"கான் நாறேக்க மரியாதை எங்க போகுது?"

அந்த இரண்டு மாதமும் கிளாக்கர் பீற்றூட் கறியைத் தொடமாட்டார். மிஸியோ வல்லாரைச் சம்பலைத் தட்டில் எடுக்கமாட்டார். ஆனாலும் மிஸி இரண்டையும் சமைப்பார். ஆளுக்கு ஒன்று. எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவ்வளவு கோபம் இருந்தால் ஒரு கறியோடு விட்டிருக்கலாமே!

விளையாட்டாக இருந்தது ஒருநாள் விளையாட்டு இல்லாமல் போனது. சந்தியில் நடந்த பச்சைக் கூட்டத்தில் கிளாக்கர் மேடையேறி, "நகரசபைக்காரர் எங்கட வீட்டுக்குள்ள வந்து அம்மைப்பால் எண்டு எங்கட பிள்ளையளின்ர கையைக் கீறக்கூடாது. அது எங்கட விருப்பம்" என்று பேசினார். பெரிய கைதட்டல். கைதட்டியவர்களில் என் கணவர் மஜீடும் ஒருவர். அன்று மாலை மதிலுக்கு அந்தப் பக்கம் சட்டிமுட்டிகள் மட்டும் கோபமாகப் பேசின.

அடுத்த கிழமை ஒழுங்கையின் கடைசி அறையில் இருந்த கப்பல் கூலி ஒருவருக்கு வைசூரி போட்டது. நகரசபை வண்டி வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது, பாயைக் கொளுத்தினார்கள். ஐந்து நாள் போனது, பத்து நாள் போனது, தப்பினோம் என்று நினைத்தோம். பிறகு மூன்றாம் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, முகமெல்லாம் கொப்பளித்தது.

மிஸி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கினார். ஒரு கதவும் திறக்கவில்லை. என் கதவும் திறக்கவில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எட்டு மாதக் குழந்தை ஷபீகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்று, "அவர் வேணாமெண்டு சொல்லிட்டுப் போன, மிஸி. தொறக்க ஏலா" என்றேன்.

"நளீபா, இந்தப் பிள்ளையை நான்தானே எடுத்துக் கையில தந்தனான். என்னை நம்பேல்லையோ?"

"ஒங்கட வூட்டு மனிசரே வேணாமெண்டு சொல்றாரே, மிஸி. நான் என்ன செய்ய?"

மிஸி பெட்டியைக் கையில் பிடித்தபடி படியில் சற்று நேரம் நின்றார். கதவிடுக்கால் பார்த்தேன், அவருடைய கண் கலங்கியிருந்தது. பிரசவ வீட்டில் உயிர் போகிற நேரத்திலும் கலங்காத மனுஷி அவர்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய் வந்த பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் பேச்சுத் தொடங்கியது. நான் உலையைக்கூட மறந்துவிட்டு நின்றேன்.

"ஒழுங்கையில நாப்பது பிள்ளையள் இருக்கு. நீங்கள் சொன்ன ஒரு சொல்லால நாப்பது கதவும் பூட்டிக் கிடக்கு. நீங்கள்தான் திறக்கவேணும்."

"மேடையில சொன்னதை நான் எப்பிடித் திருப்பி எடுக்கிறது?"

"சொல்ல வேண்டாம். பைப்படியில, எல்லாரும் பாக்க, கையை நீட்டுங்கோ. அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

மிஸியின் குரல் தணிந்தது. "இருவது வருசமாய் உங்களோட இருக்கிறன். உங்கட ரெண்டு கையிலயும் ஒரு அம்மைப்பால் தழும்பும் இல்லை எண்டது எனக்குத் தெரியாதோ? துறைமுகத்தில குத்தின ஆக்களின்ர பட்டியல் எழுதுறது நீங்கள்தானே. உங்கட பேருக்கு நேர நீங்களே 'குத்தியாச்சு' எண்டு எழுதினதும் எனக்குத் தெரியும்."

அப்போதுதான் கிளாக்கர் உண்மையைச் சொன்னார். சின்ன வயதில் அவருடைய தம்பிக்கு அம்மைப்பால் என்று யாரோ அழுக்குக் கத்தியால் கீறி, கை அழுகி, பிள்ளை செத்துப்போனதாம். "அவன் கத்தினது இப்பவும் காதில நிக்குது, கொன்ஸி" என்றார். பச்சைக் கட்சி, மரியாதை, விருப்பம் என்று அவர் மேடையில் சொன்னதற்கெல்லாம் அடியில் இருந்தது அந்தப் பயம்தான். அதுவரை அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

"உங்கட கையைத் தாங்கோ. என்ர வோட்டைத் தாறன்" என்றார் மிஸி.

மிஸிக்கு அந்த வோட்டு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். முப்பத்தொன்றில் கிடைத்த வாக்காளர் அட்டையை அவர் செபப் புத்தகத்துக்குள்தான் வைத்திருந்தார். "என்ர அம்மாவுக்குக் கிடைக்காத சாமான்" என்று எனக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார். அதைத்தான் அன்று கொடுத்தார்.

"பச்சைக்கோ?"

"பச்சைக்கு."

"மாதாவில சத்தியமோ?"

"மாதாவில சத்தியம்."

திங்கட்கிழமை காலையில், ஒழுங்கை முழுவதும் குடத்தோடு நிற்கிற நேரத்தில், கிளாக்கர் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்கு வந்தார். பச்சைச் சால்வை போட்டபடியே உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். மிஸி கத்தியை நெருப்பில் காட்டினார்.

"இன்னொருக்காக் காட்டு."

காட்டினார்.

"இன்னும் ஒருக்கா."

மூன்றாம் தடவையும் காட்டினார். அவசரப்படுத்தவில்லை, ஏளனம் செய்யவும் இல்லை. கிளாக்கர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மற்றக் கையால் மிஸியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

மஜீட் என் பக்கத்தில்தான் நின்றார். ஷபீகாவை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டு போய், "மிஸி, இவளுக்கும் பாருங்கொ" என்றார். மூத்தவள் ஸமீமாவைப் பிடித்து நிறுத்தினது நான். பத்து மணிக்குள் முப்பத்தொரு கை. மிச்சம் பின்னேரம். மூன்றாம் வீட்டுப் பிள்ளை அந்தக் கிழமையே போய்விட்டது. அதன் பிறகு எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை.

எலக்ஷன் ஒன்பதாம் நாள் வந்தது. முதல் தடவை அம்மைப்பால் குத்தினவர்களுக்கு எட்டாம் ஒன்பதாம் நாளில் கை வீங்கிக் காய்ச்சல் அடிக்கும். பிள்ளைகளுக்கு லேசாக வந்துபோனது, கிளாக்கரை ஆளையே சாய்த்துவிட்டது. அவரை ஏற்றிப்போகப் பச்சைக்காரரின் மோட்டார் கார் சந்தி வரை வந்தது. கையில் இருந்த துணிக்கட்டையும் அவர் நடுங்குவதையும் பார்த்துவிட்டு, வந்த ஆட்கள், "நோய்க்கார வீட்டிலயிருந்து ஆளை ஏத்த ஏலாது, கிளாக்கர் ஐயா. குறை நினைக்காதேங்கோ" என்று சொல்லிப் போய்விட்டார்கள். இரண்டு மாதமாகத் தொண்டை கிழியக் கத்தின மனிதர் கட்டிலில் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மிஸிக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டும். "என்ர கத்தி ஒரு மனிசன்ர வோட்டைப் பறிச்சுது எண்டு நாளைக்கு ஊர் சொல்லக்கூடாது" என்று தானே போய் ஒரு ரிக்ஷாவைப் பிடித்துவந்தார். கம்பளியால் போர்த்தி, கணவரை ஏற்றினார். தன் ஆளைத் தோற்கடிக்கப்போகிற வோட்டைத் தானே காசு கொடுத்து ஏற்றிக்கொண்டு, பக்கத்தில் நடந்து போனார். நானும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கூடவே போனேன்.

பெண்கள் வரிசையில் மிஸிக்குப் பின்னால் நான் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மரண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார். சத்தியம் செய்துவிட்டாரே. எங்களுக்கு முன்னும் பின்னும் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகளின் கையிலெல்லாம் வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

கிளாக்கர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பெண்கள் வரிசைக்கே வந்துவிட்டார். பெண்கள் விலகினார்கள். அந்தப் பிள்ளைகளை ஒருமுறை பார்த்தார்.

"கொன்ஸி, உன்ர வோட்டு எனக்கு வேண்டாம். உன்ர மனசு எங்க சொல்லுதோ அங்க போடு."

"சத்தியம் பண்ணினனான்."

"எனக்குத்தானே பண்ணினனீ? நான் விட்டுட்டன். மாதாவோட நான் கதைக்கிறன்." மூச்சு வாங்கிக்கொண்டு, "நான் பச்சைக்குத்தான் போடுவன். அதில மாத்தம் இல்லை" என்று சேர்த்துக்கொண்டார்.

மிஸி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே போய் வெளியே வந்தபோது அவர் முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கிளாக்கரும் போட்டுவிட்டு வந்தார். வழக்கம்போல ஒன்றை ஒன்று வெட்டியாயிற்று. ரிக்ஷாக் காசுதான் மிச்சச் செலவு என்று மஜீட் பகிடி பண்ணினார். பச்சைக்காரர் ஆயிரக்கணக்கான வோட்டால் வென்றார். செய்தி வந்த அன்று கிளாக்கர் கட்டிலில் இருந்துகொண்டு, பீற்றூட் கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு மிஸி அம்மைப்பால் குத்தப் போகிற இடமெல்லாம், லீவு நாளானால் கிளாக்கரும் போவார். பயப்படுகிறவர்களுக்குச் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டுவார். "மூண்டு தரம் நெருப்பில காட்டச் சொல்லுங்கோ" என்று சொல்லியும் கொடுப்பார்.

உலகச் சண்டை வந்ததால் அடுத்த எலக்ஷன் தள்ளித் தள்ளிப் போனது. கிளாக்கர் நாற்பத்துநாலில் மாரடைப்பில் போய்விட்டார். நாற்பத்தேழில், வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லோரும் கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில், பாராளுமன்றத்துக்கு எலக்ஷன் வந்தது. ஆட்களும் மாறி, பெட்டிகளின் நிறமும் மாறிவிட்டது. மிஸி வழமைபோலத் தொழிலாளிகளின் ஆள் எவர் என்று கேட்டு வைத்துக்கொண்டார். யன்னலில் ஒரு துணிதான் தொங்கியது.

அன்றும் நான் அவருக்குப் பின்னால்தான் நின்றேன். அவரைத் தேற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "இந்த ஒரு தரம் கிளாக்கர் ஐயாவுக்காக அந்தப் பக்கத்துப் பெட்டியில போடுங்களே, மிஸி" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "உமக்கு விசரோ நளீபா? காய்ச்சலோட வந்து, இந்த வரிசையில நிண்டு, எனக்குத் திருப்பித் தந்த வோட்டு இது. வேற ஆளுக்குப் போட்டால் அந்த மனிசன் எழும்பி வந்து சண்டை பிடிக்கும்."

உள்ளே போனார், போட்டார், வந்தார். நானும் போட்டுவிட்டு வந்து பார்த்தால், வாசற்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். பதினொரு வருடத்துக்கு முன்னால் என் கதவுக்கு முன்னால் நின்று கலங்கினபோது நான் திறக்கவில்லை. இந்த முறை பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இண்டைக்குத்தான் முதல் முதலாய் என்ர வோட்டு வெட்டுப்படாமல் போகுது, நளீபா" என்றார். "எனக்கு அது பிடிக்கேல்லை."