ரிப்பேருக்கு வந்த போன்

செல்போன் ரிப்பேர் கடை நடத்தும் அந்த அம்மாளைத் தெருவே ‘ஸ்க்ரூ அக்கா’ என்றுதான் கூப்பிடும். ஸ்க்ரூடிரைவரைக் கொண்டையில் செருகிக்கொண்டு கடை முழுக்க அதைத் தேடுகிற ஆள். வாய் சும்மா இருக்காது. போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு வருகிறவரிடம், “குளிப்பாட்டினீங்க சரி, தலை துவட்டினீங்களா?” என்பாள்.

அன்று மதியம் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண் வந்தாள். சார்ஜ் நிற்கவில்லையாம். இரண்டு வருடமாகப் பழகுகிறவன் வாங்கிக் கொடுத்த போன். அக்கா நோண்டிப் பார்த்தாள். பேட்டரி நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பெண் போகிற இடத்தையெல்லாம் இன்னொருவருக்குக் காட்டிக்கொடுக்கும் ஆப் ஒன்று சத்தமில்லாமல் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

“இதை நீயா போட்டம்மா?”

பெண்ணின் முகம் வெளுத்தது. “அதான் நான் எங்க நின்னாலும் வந்து நிக்கிறாரா? அக்கறைன்னுல்ல நெனச்சேன்.” சட்டைக் காலரை விலக்கினாள். கழுத்தில் விரல்கள் பதிந்திருந்தன. “பிரிஞ்சிடலாம்னு சொன்னேன். அதுக்கு.”

அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் ஆப்பை அழித்தே இருப்பாள். நல்லவேளை, அதற்கு முன் கடை போனிலிருந்து பெண்கள் உதவி மையத்துக்குப் பேசினாள்.

“அழிச்சா அவனுக்கு உடனே தெரிஞ்சிடும்,” என்றார் அங்கிருந்தவர். “போன் அங்கேயே கிடக்கட்டும். பொண்ணை மட்டும் பஸ் ஏறச் சொல்லுங்க. இங்க இறங்கினதும் நாங்க கூட்டிக்கிறோம்.”

பின்வாசலில் பெண் தயங்கினாள். “அக்கா, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“எனக்கென்னடி, கல்லு மாதிரி இருக்கேன். நீ கெளம்பு.”

அவளை அனுப்பிவிட்டு, போனை மேசை மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் வாசலில் பைக் வந்து நின்றது. அவன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். மரியாதையாகவே பேசினான். அதுதான் அக்காவைப் பயமுறுத்தியது.

“நம்ம பொண்ணு இங்கதான இருக்கா?”

“போனைக் குடுத்துட்டு சாப்பிடப் போயிருக்கு தம்பி. இப்ப வந்துடும்.”

“அப்ப இருந்து கூட்டிட்டே போறேன்.” ஷட்டரைப் பாதி இறக்கினான். “வெயில்,” என்றான். ஸ்டூலை இழுத்து அவளுக்கும் வாசலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தான்.

இவன் எழுந்து தொலைய மாட்டானா என்று அக்காவின் உடம்பெல்லாம் கெஞ்சியது. ஆனால் பஸ் ஸ்டாண்ட் அடுத்த தெருவில்தான் இருந்தது. பஸ் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

“தம்பி,” என்றாள், “ஒரு டீ சொல்லவா?”